ராணுவ முகாமில் செல்போன்: ரகசியம் முக்கியமா? பெத்த பிள்ளை முக்கியமா?

தென்கொரியா ராணுவ முகாம்களில் மாலை 6 மணி ஆனால் போதும். ஒப்படைத்து வைத்த செல்போன்கள் எல்லாம் சிப்பாய்களின் கைக்கு வந்துவிடும். இரவு 9 மணிக்கு திரும்பவும் ஒப்படைத்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் 3 மணி நேரத்தில்தான் அம்மாவிடம் பேச வேண்டும், காதலியிடம் பேச வேண்டும், கேம் ஆட வேண்டும், பரீட்சைக்கு படிக்கிறவர்கள் படிக்கவும் வேண்டும்.

பள்ளிக்கூடத்து பையன்கூட நாள் முழுக்க போனும் கையுமாக அலைகிற காலத்தில் 3 மணி நேரம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். முகாமுக்குள் அடி உதை பட்டு பிள்ளைகள் செத்துப்போன பிறகுதான் இந்த 3 மணி நேரம் கிடைத்தது. இன்றைக்கும் அது சரியா தப்பா என்ற சண்டை ஓயவில்லை. கட்டாய ராணுவ சேவை உள்ள மற்ற நாடுகளுக்கும் இதே தலைவலிதான்.

தப்பிக்க முடியாத கட்டாயம்

1950-ல் தொடங்கிய கொரியப் போர் 1953-ல் சண்டை நிறுத்தத்தோடு நின்றுபோனது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வடகொரியா துப்பாக்கியோடு நிற்கிறது. அதனால் தென்கொரியாவில் உடல் தகுதி உள்ள ஆண் பிள்ளைகள் அனைவரும் ராணுவத்துக்கு போயே ஆக வேண்டும். தரைப்படை என்றால் 18 மாதம், கடற்படை 20 மாதம், விமானப்படை 21 மாதம்.

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். உலகம் முழுக்க கொடிகட்டிப் பறக்கும் பி.டி.எஸ். பாட்டுக் குழுவினரால்கூட தப்பிக்க முடியவில்லை. அதில் மூத்தவரான ஜின் 2022 டிசம்பரில் முகாமுக்கு போனார். 2024 ஜூனில் வெளியே வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் 2025 ஜூனுக்குள் சேவையை முடித்தார்கள்.

20 வயதில் காலேஜ், சினேகிதர்கள், காதல் என்று திரிகிற பையனின் தலைமுடியை ஒட்ட வெட்டி, முன்பின் தெரியாத பத்து பேரோடு ஒரே அறையில் படுக்க வைத்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? வெளியில் இருக்கிற சொந்தபந்தம்தான் அவனுக்கு ஒரே ஆறுதல்.

ரப்பர் செருப்பு கதை

அந்த நாட்டில் ஒரு சொலவடை உண்டு. பையன் ராணுவத்துக்கு போனதும் காதலி மனசு மாறி வேறு ஒருவனோடு போய்விட்டால், ‘ரப்பர் செருப்பை திருப்பிப் போட்டுக்கொண்டாள்’ என்பார்கள். காத்திருக்கும் காதலிக்கு பெயரே ‘ரப்பர் செருப்பு’தான். ஊரே சேர்ந்து இதற்கு ஒரு சொலவடை கட்டியிருக்கிறது என்றால் எத்தனை பையன்கள் இதில் மனசு உடைந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் வருவதற்கு முன்னால் கடிதம், முகாமில் இருக்கும் பொது டெலிபோன், கம்ப்யூட்டர் அறை, எப்போதாவது கிடைக்கும் லீவு, இவ்வளவுதான் வழி. டெலிபோன் இருந்தாலும் புதுப் பையன் நினைத்த நேரத்துக்கு போய் பேசிவிட முடியாது. சீனியர்கள் முறைப்பார்கள். பேசினாலும் பக்கத்தில் ஆள் நிற்கும். “இங்கே என்னை அடிக்கிறாங்கம்மா” என்று அந்த டெலிபோனில் எந்தப் பையன் வாய் திறந்து சொல்வான்?

2014-ல் நடந்த பயங்கரம்

2014 ஏப்ரல் மாதம் தரைப்படையின் 28-வது டிவிஷனில் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒரு இளம் சிப்பாய் இறந்தார். சாப்பாடு தொண்டையில் அடைத்து மூச்சு நின்றுவிட்டது என்றுதான் முதலில் வெளியே தெரிந்தது. சில மாதம் கழித்து ராணுவ வீரர்களின் உரிமைக்காக பாடுபடும் ஒரு அமைப்பு உண்மையை போட்டு உடைத்தது. சீனியர்கள் கூடிக்கொண்டு வாரக்கணக்கில் அந்தப் பையனை அடித்து, உதைத்து, சித்ரவதை செய்திருக்கிறார்கள். நாடே கொதித்துப்போனது. முக்கிய குற்றவாளிக்கு கடைசியில் 40 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு சம்பவம். வடகொரிய எல்லையை ஒட்டிய கோசாங் பகுதியில் 22-வது டிவிஷனைச் சேர்ந்த ஒரு சிப்பாய் தன் சக சிப்பாய்கள் மீதே கையெறி குண்டு வீசி, துப்பாக்கியால் சுட்டார். 5 பேர் பலியானார்கள். 7 பேர் காயம் அடைந்தார்கள். சுட்டவருக்கு சேவை முடிய சில மாதங்களே பாக்கி இருந்தது. முகாமில் தன்னை ஒதுக்கி வைத்தார்கள், கேலி செய்தார்கள் என்பது அவருடைய ஆத்திரம். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

முதல் சம்பவத்தில் அடிபட்டவன் செத்தான். இரண்டாவது சம்பவத்தில் ஒதுக்கப்பட்டவன் மற்றவர்களை சாகடித்தான். இரண்டிலும் நாலு சுவருக்குள் நடந்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

போன் வந்தது

இதற்கு அப்புறம்தான் முகாமின் கதவை கொஞ்சமாவது திறக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2018-ல் சில பிரிவுகளில் மட்டும் செல்போன் கொடுத்து சோதித்துப் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் சோதனையை எல்லா பிரிவுகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். 2020 ஜூலை 1-ந்தேதி முதல் அதுவே சட்டப்படியான ஏற்பாடாகிவிட்டது. வேலை நாட்களில் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை. விடுமுறை நாட்களில் காலை 8.30 மணி முதல் இரவு 9 மணி வரை.

சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. முகாமுக்குள் காமிரா வேலை செய்யாதபடி தடுக்கும் ஒரு செயலியை போனில் ஏற்றினால்தான் அனுமதி. போட்டோ எடுப்பது, குரல் பதிவு செய்வது, ராணுவ தகவலை வெளியே அனுப்புவது எல்லாவற்றுக்கும் தடை. மீறினால் தண்டனை. வெளி உலகத்தோடு தொடர்பு கூடியிருக்கிறது, பையன்கள் தெம்பாக இருக்கிறார்கள், படிக்கவும் செய்கிறார்கள் என்று சொல்லித்தான் ராணுவ அமைச்சகம் இதை நிரந்தரமாக்கியது.

2021-ல் ‘டி.பி.’ என்ற தொடர் நெட்பிளிக்சில் வந்து சக்கைபோடு போட்டது. முகாமில் கொடுமை தாங்காமல் ஓடிப்போகும் சிப்பாய்களை தேடிப் பிடிக்கும் கதை. அந்தக் கதை நடப்பது 2014-ல், அதாவது செல்போன் வராத காலத்து முகாமில். பார்த்த ஆண்கள் பலர் தங்கள் பழைய காயம் நினைவுக்கு வந்து கலங்கிப்போனார்கள். இப்போது நிலைமை மாறி வருகிறது என்று ராணுவ அமைச்சகம் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

ஒரு தட்டு சோறு

நிலைமை மாறியதற்கு ஒரு நல்ல உதாரணம் 2021 ஏப்ரலில் நடந்தது. அப்போது கொரோனா காலம். லீவு முடிந்து திரும்பிய சிப்பாய்களை தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த சாப்பாட்டை பார்த்தால் பிச்சைக்காரன்கூட முகம் சுளிப்பான். கொஞ்சம் சோறு, ஒன்றிரண்டு துண்டு தொடுகறி, அவ்வளவுதான்.

பழைய காலமாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு படுத்திருப்பார்கள். இப்போது கையில் போன் இருக்கிறதே! காமிராவுக்கு தடை இருந்தும் அந்த தட்டின் போட்டோ பேஸ்புக்கில் ஏறிவிட்டது. ஒன்று வந்ததும் வேறு வேறு முகாம்களில் இருந்து வரிசையாக போட்டோக்கள் வந்தன. பெற்றோர் கொந்தளித்தார்கள். ராணுவ மந்திரியாக இருந்த சூ வூக் மன்னிப்பு கேட்டார். ஒரு சிப்பாயின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரசு ஒதுக்கி வந்த 8,790 வான் அதே ஆண்டு ஜூலையில் 10,000 வான் ஆனது. அடுத்தடுத்து இன்னும் கூடியது.

அடிமட்ட சிப்பாய் எடுத்த ஒரு போட்டோ, மந்திரியை தலைகுனிய வைத்தது. விதிப்படி பார்த்தால் அந்த போட்டோ எடுத்தது தப்பு. நியாயப்படி பார்த்தால் அந்த தப்புதான் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் நல்ல சோறு விழ வைத்தது.

எதிரிக்கும் அதே போன்தான்

அப்படியானால் தடையே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இஸ்ரேலில் நடந்ததை பாருங்கள். அங்கே ஆண் பெண் இருபாலருக்கும் கட்டாய சேவை உண்டு. போன் வைத்துக்கொள்வதிலும் அவ்வளவு கெடுபிடி கிடையாது. 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அந்த நாட்டு ராணுவம் ஒரே மாதிரியான எச்சரிக்கையை வெளியிட்டது. அழகான பெண்களின் படத்தை போட்டு ஹமாஸ் ஆட்கள் போலி கணக்கு தொடங்கி சிப்பாய்களுக்கு வலை வீசுகிறார்கள், இனிக்க இனிக்க பேசி ஒரு செயலியை இறக்கச் சொல்கிறார்கள், இறக்கினால் போன் முழுவதும் எதிரியின் கைக்கு போய்விடும் என்பதுதான் அது. 2018-ல் உலகக்கோப்பை கால்பந்து பார்க்கும் செயலி என்ற பெயரிலும் இந்த வேலை நடந்தது.

துப்பாக்கிக்கு அசையாத பையன், ஒரு பொண்ணு ‘ஹாய்’ என்று சொன்னதும் விழுந்துவிட்டான். காரணம் என்ன? தனிமைதான். பேச ஆள் கிடைக்காதா என்று ஏங்குகிறவனைத்தான் இப்படி பிடிக்க முடியும்.

ரஷியா போட்ட பூட்டு

ரஷியா வேறு வழியில் போனது. அங்கே வாலிபர்களுக்கு ஓராண்டு கட்டாய சேவை. சிப்பாய்கள் வலைத்தளங்களில் போட்ட போட்டோக்களால் படை எங்கே இருக்கிறது என்ற ரகசியம் வெளியே கசிந்ததால், 2019-ல் பணி நேரத்தில் ஸ்மார்ட்போன் வைத்திருக்க தடைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2024-ல் அதை இன்னும் கடுமையாக்கி, போர்முனையில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் காவலில் அடைக்கவும் வழி செய்தார்கள்.

பயம் நியாயமானதுதான். 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மக்கீவ்கா நகரில் ரஷிய சிப்பாய்கள் தங்கியிருந்த ஒரு கட்டிடத்தை உக்ரைன் ராக்கெட்டுகள் தாக்கின. 89 பேர் பலியானதாக ரஷியாவே ஒப்புக்கொண்டது. இவர்கள் கட்டாய சேவை பையன்கள் அல்ல, போருக்காக திரட்டப்பட்டவர்கள். தடையை மீறி நிறைய பேர் செல்போன் பேசியதுதான் முக்கிய காரணம் என்று ரஷிய ராணுவம் சொன்னது. ஆனால் அந்த நாட்டிலேயே பலர் எதிர்க்கேள்வி கேட்டார்கள். அவ்வளவு பேரை ஒரே கட்டிடத்தில் அடைத்து வைத்தது யார்? பக்கத்திலேயே வெடிமருந்தை வைத்தது யார்? செத்தவன் கையில் இருந்த போன் மீது பழியை போட்டுவிட்டால் அதிகாரி தப்பித்துவிடலாம் அல்லவா?

பூட்டு போட்டதற்கு தாய்மார்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, கட்டாய சேவை பையன்களை போருக்கு அனுப்பவில்லை என்று அதிபர் புதின் சொன்னார். மறுநாளே, சிலர் அங்கே போயிருக்கிறார்கள் என்று ராணுவ அமைச்சகம் ஒப்புக்கொண்டது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் தாய்மார்கள் அலைந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ‘மாஸ்க்வா’ போர்க்கப்பல் மூழ்கியபோது அதில் கட்டாய சேவை பையன்களும் இருந்தார்கள். என் மகன் எங்கே என்று பெற்றோர் சமூக வலைத்தளத்தில் கேட்க வேண்டியதாயிற்று.

சூதாட்டமும் வந்தது

தென்கொரியாவிலும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 2020-ல் அந்த நாட்டை உலுக்கிய டெலிகிராம் ஆபாச வீடியோ வழக்கில் முகாமில் இருந்த ஒரு சிப்பாயும் கைதானார். இன்னொரு பக்கம் ஆன்லைன் சூதாட்டம். சிப்பாய்களின் சம்பளமும் இப்போது கூடியிருக்கிறது. 2025-ல் கடைசி கட்டத்தில் உள்ள ஒரு சிப்பாய்க்கு மாதம் 15 லட்சம் வான். கையில் காசு, கையில் போன், மனசில் சலிப்பு. மூன்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? கடன் வாங்கி ஆடி மாட்டிக்கொண்ட பசங்களும் உண்டு.

இன்னொரு குறையையும் பெரியவர்கள் சொல்கிறார்கள். முன்பு சாயங்காலம் ஆனால் பந்து ஆடுவார்கள், கதை பேசுவார்கள், ஒருத்தன் அழுதால் இன்னொருத்தன் தோளில் கை போடுவான். இப்போது பத்து பேர் பத்து படுக்கையில் தனித்தனியாக போனை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் இருப்பவர்களோடு உறவு வளர்ந்தது, பக்கத்து படுக்கைக்காரனோடு உறவு தேய்ந்தது என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பழைய ஒற்றுமைக்குள் அடியும் உதையும் ஒளிந்திருந்ததையும் மறந்துவிடக் கூடாது. வேறு போக்கிடம் இல்லாதவனை பிடித்து வைத்து வளர்க்கிற சினேகிதத்தில் பாதி சினேகிதம், பாதி பயம்.

சிங்கப்பூர் தமிழ்ப் பிள்ளைகள்

இது ஏதோ கொரியாக்காரன் கதை என்று தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை பக்கத்து குடும்பங்கள் ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூரில் 1967 முதல் ‘தேசிய சேவை’ கட்டாயம். முன்பு இரண்டரை ஆண்டாக இருந்ததை 2004-ல் எடுத்த முடிவுப்படி இரண்டு ஆண்டாக குறைத்தார்கள். அந்த நாட்டு குடிமகனான தமிழ்ப் பையனும் போக வேண்டும். இங்கிருந்து போய் நிரந்தரவாசம் வாங்கிய பெற்றோரின் மகன், அவர்கள் பேரில் நிரந்தரவாசம் பெற்றிருந்தால் அவனும் போக வேண்டும். போகாமல் ஏமாற்றினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில்.

தேக்கோங் தீவுக்கு படகில் ஏற்றிப் போய்தான் பெரும்பாலானவர்களுக்கு அடிப்படை பயிற்சி. அங்கேயும் இரவில் கொஞ்ச நேரம் போனில் வீட்டோடு பேசுவதுதான் புதுப் பையனுக்கு உயிர்மூச்சு. காமிரா உள்ள போன் முகாமுக்குள் கூடாது என்று ரொம்ப காலம் கெடுபிடி இருந்தது. அதற்காகவே காமிரா இல்லாத போன்கள் கடைகளில் விற்றன.

அந்த நாட்டில் 2018 மே மாதம் நடந்த ஒரு சம்பவம், போன் மட்டும் இருந்தால் போதாது என்பதை காட்டிவிட்டது. தேசிய சேவையை தீயணைப்பு நிலையத்தில் செய்துவந்த 22 வயது வாலிபர், சேவை முடிய சில நாட்களே இருந்த நிலையில், கொண்டாட்டம் என்ற பெயரில் 12 மீட்டர் ஆழ தண்ணீர் கிணற்றில் தள்ளப்பட்டு மூழ்கி இறந்தார். அங்கே இருந்த ஒருவர் அதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். போன் இருந்தது, காமிரா இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். வேண்டாம் என்று தடுக்கத்தான் ஆள் இல்லை. இந்த வழக்கில் சிலர் ஜெயிலுக்கு போனார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவு என்ன?

போனை பூட்டினால் ரகசியம் தப்பும் என்பது பாதி உண்மை. பூட்டு போடும்போது எதிரியின் கண்ணில் இருந்து மறைவது படை மட்டும் அல்ல, பெற்றோரின் கண்ணில் இருந்து அடியும் உதையும் கெட்டுப்போன சோறும் சேர்ந்தே மறைகிறது. போனை திறந்துவிட்டால் பையன் பிழைப்பான் என்பதும் பாதி உண்மைதான். சூதாட்டக்காரனும் எதிரி நாட்டு உளவாளியும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

தென்கொரியா பிடித்தது நடு வழி. நேரம் வைத்துக் கொடு, காமிராவை அடை, மீறினால் தண்டனை கொடு, ஆனால் போனை மட்டும் பிடுங்காதே. பாதுகாப்பு விஷயத்தில் வடகொரியாவை பக்கத்தில் வைத்திருக்கும் நாட்டுக்கே இது முடிகிறது என்றால், மற்ற நாடுகள் முடியாது என்று சொல்வதற்கு காரணம் ரகசியமா, வேறு ஏதாவதா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

பிள்ளையை சேவைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் ஒன்றை செய்யலாம். மகன் பேசும்போது “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், “பக்கத்தில் இருக்கிறவங்க எப்படி நடத்துறாங்க, உனக்கு சினேகிதன் யாரு?” என்றும் கேளுங்கள். வழக்கமாக வளவளவென்று பேசுகிற பையன் திடீரென்று ரெண்டு வார்த்தையில் பேச்சை முடித்தால் அதை லேசாக விடாதீர்கள். எங்கே புகார் செய்ய வேண்டுமோ அங்கே அன்றைக்கே கேளுங்கள்.